ஓரத்துக்காரன்

செத்து நூறு வருஷமாவது ஆகியிருக்கும் ஒரு மனிதன்மேல் பைண்டருக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாது, பேர் தெரியாது. தெரிந்ததெல்லாம் புத்தக ஓரத்தில் அவன் பென்சிலால் எழுதிவைத்த பொடி எழுத்துகள்தான். ஓரத்துக்காரன் என்று பைண்டரே மனசுக்குள் பேர் வைத்துக்கொண்டார்.

புத்தகம் ஒரு டாக்டருடையது. பழைய ஆங்கிலக் கவிதைகள், தோல் அட்டை, முதுகு பிய்ந்து பழுதுபார்க்க வந்திருந்தது. பாதிப் புத்தகத்தில் பொறுமை, கர்வம், உண்மை எல்லாம் ஆள் வடிவெடுத்துச் சண்டைக்குக் கிளம்பும். மீதிப் பாதியில் இடையர்கள் மரத்தடியில் உட்கார்ந்து காதலுக்காக அழுவார்கள்.

"ஓரத்துல கிறுக்கல் இருக்கு. அழிக்கிறதும் விடறதும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

பைண்டரின் மனைவி இங்கிலீஷ் டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் பட்டறை மேஜையில் அதைத் திறந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இங்க வாங்களேன். இந்த இடையன் நாலு பக்கமா அழறான். பக்கத்துல இந்த ஆள் எழுதியிருக்கான், 'அதுவரைக்கும் ஆட்டை யாரு பார்த்துக்கிறது?'ன்னு!"

"ம்" என்றார் பைண்டர், பசையைக் கிளறிக்கொண்டே.

மறுநாள் படித்த பக்கத்தில் பொறுமை என்கிற அம்மாள் கழுதைமேல் வந்தாள். 'அதான் எங்க வீட்டுக்கு இன்னும் வந்து சேரலை' என்று எழுதியிருந்தானாம். மனைவி ஓடிவந்து அதையும் சொன்னாள். பைண்டரும் இத்தனை வருஷமாக ஜோக் சொல்லாமலா இருந்தார்? எல்லாவற்றுக்கும் "சரி, சாப்பிட வாங்க" என்பதுதான் அவள் பதில்.

புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். 'இந்த ஆள்' என்றிருந்தவன் இப்போது 'அவர்' ஆகிவிட்டான்.

"அவர் ரொம்பத் தனியா இருந்திருப்பார் போல. பாவம்" என்றாள்.

அந்த வீட்டில் அவள் வாயில் 'அவர்' என்றால் அது பைண்டர் ஒருத்தர்தான். அதற்கும் பங்குக்கு ஆள் வந்தாயிற்று!

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் ரப்பரை எடுத்தார். அவர் கை சுத்தமான கை, தாளுக்கு நோகாது. ரப்பர் தாங்காத இடத்தில் ரொட்டியைப் பிசைந்து ஒற்றினார். பக்கம் பக்கமாக ஓரத்துக்காரன் தூளாகி உதிர்ந்தான். ஊதித் தள்ளினார். ஒழிந்தது சனியன். மத்தியானம் சாப்பாடு இரண்டு பிடி கூடவே இறங்கியது.

சாயங்காலம் அவள் புத்தகத்தைத் திறந்தாள். 'டாக்டர்தான் அழிக்கச் சொன்னார்' என்ற பொய்யைப் பைண்டர் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை.

"சுத்தமா பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம். பைண்டர் பசைக் கையோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"எதுக்குச் சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்லையே."

பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் சிரித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று பைண்டர் யோசித்துப் பார்த்தார். படித்திருந்தால்தானே ஞாபகம் வரும்? அழிக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னபோதும் பாதிதான் காதில் விழுந்தது.

"என்னன்னு சொல்லேன், நானும் சிரிக்கிறேன்" என்றார். குரல் அவருக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? பசை காயுது, போய்ப் பாருங்க."