தப்பியோடியவர்

சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, அடிபட்ட கார்களைச் சுற்றிவந்து, எது பழைய நசுங்கல் எது புது நசுங்கல் என்று முப்பது வருஷம் எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் எழுத எதுவும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த மனிதருக்குக் கடைசியில் சைக்கிள்காரர்கள் கிடைத்தார்கள்.

"வரி கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. ரோடு என்ன அவனுங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று காலையில் நடக்கப் போகிறவர்களை மறித்துக் கேட்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டினால்தான் வழிவிடுவார்.

பிறகு குரலைத் தாழ்த்துவார். "எங்க வீட்டம்மா கையைப் பாருங்க. மோதிட்டு நிக்காமப் போயிட்டான். யாருன்னு எங்க போய்த் தேடுறது?"

வீட்டம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு. அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

நடந்தது இதுதான். மருந்துக்கடை வாசலில், சைக்கிளுக்கென்று கோடு போட்டு விட்டிருந்த பாதையில், சர்வேயர் காரை நிறுத்தினார். "சட்டுனு இறங்கு" என்றார். டீச்சர் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தாள். பின்னால் வந்த சைக்கிள் கதவில் மோதியது. ஓட்டிவந்தவர் ஒரு பிளம்பர். ஆள் ஒரு பக்கமும் பையிலிருந்த ஸ்பேனர்கள் ஒரு பக்கமுமாக ரோட்டில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. சைக்கிள் மோதிய வேகத்தில் கதவில் விரல் நசுங்கியிருந்தாலும், அவரைத் தூக்கிவிட டீச்சர் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"கதவை மூடு" என்றார் சர்வேயர்.

காலை உள்ளே இழுத்துக் கதவை மூடினாள். கார் கிளம்பிவிட்டது. மூடியது தன் கை என்பதுதான் அவளை அன்றிலிருந்து அரித்துத் தின்றது.

மறுநாள் அவள் மட்டும் மருந்துக்கடைக்குப் போய் விசாரித்தாள். கடைக்காரர் ஸ்பேனர்களைப் பொறுக்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். "தோள் எலும்பு போச்சும்மா. மூணு மாசத்துக்குக் கையைத் தூக்கக் கூடாதாம், பிளம்பர் கையைத் தூக்காம என்ன வேலை பார்ப்பாரு? காரு நம்பரை யாரும் பாக்கல. அது மட்டும் தெரிஞ்சா கார்க்காரன் இன்சூரன்ஸ்ல ஏதாவது வாங்கிக் குடுக்கலாம்" என்றார்.

அதைச் சொல்லத்தான் வேகமாக வீட்டுக்கு வந்தாள். சர்வேயர் அதற்குள் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மூன்று பக்கம் எழுதி முடித்திருந்தார். நின்றுகொண்டிருந்த காரின் கதவில் அடையாளம் தெரியாத ஒருவர் அதிவேகமாகச் சைக்கிளில் வந்து மோதி, தப்பியோடிவிட்டாராம். கூடவே அளவு போட்டு ஒரு படம்.

"கீழ விழுந்து கிடந்தவர் எப்படிங்க தப்பியோடுவார்?"

"நாம கிளம்பும்போது கிடந்தான். அப்புறம் எழுந்து போயிருப்பான்ல? எங்க தொழில்ல ஒரு பாடம் உண்டு. முதல்ல எழுதிக் குடுத்தவன்தான் பாதிக்கப்பட்டவன். ரெண்டாவதா வர்றவன் பேசுறதெல்லாம் சாக்கு."

"அவருக்கு எலும்பு உடைஞ்சிருக்குங்க."

"கதவைத் திறந்தது யாரு? நானா? வாயைத் திறந்தா கேஸ் உன் பேர்லதான் வரும். டீச்சர் வேலை அவ்வளவுதான்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். இந்தக் குதிரை குழிக்குப் படமும் வரைந்து கொடுத்தது. டீச்சர் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

பொய்க்கு ஒரு குணம் உண்டு. பத்துப் பேரிடம் சொன்னபின் சொன்னவனே நம்பத் தொடங்கிவிடுவான். சர்வேயருக்கு இரண்டே வாரத்தில் உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டி, எல்லாச் சைக்கிளுக்கும் வரி, இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"குழந்தைங்க ஓட்டுற மூணு சக்கரத்துக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மூணு சக்கரம்னா வரி இன்னும் ஜாஸ்தி."

"எங்க வீட்டுல எக்சர்சைஸ் சைக்கிள் ஒண்ணு இருக்கு. அது நகராதே சார்?"

"இன்னிக்கு நகராது. நாளைக்கு?" என்றார் சர்வேயர். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

சைக்கிள்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். சிவப்பு விளக்கை அலங்கார விளக்காக நினைக்கிறவர்களும், நடைபாதையில் மணியடித்து ஆளை விரட்டுகிறவர்களும் அவர்களில் நிறைய உண்டு. டீச்சரே இரண்டு முறை திட்டியிருக்கிறாள். ஆனால் அந்தப் பிளம்பர் தனக்கான கோட்டுக்குள்தான் வந்தார்.

மனு மாநகராட்சிக்குப் போனது. பொதுமக்கள் கருத்துக் கேட்க ஒரு நாள் வைத்தார்கள். முப்பது வருஷத் தொழிலில் சர்வேயர் கார்க்காரரைத் தனியாகத்தான் விசாரிப்பார். மனைவி பக்கத்தில் இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்பது அவருக்கு அத்துப்படி. கைதட்டல் ஆசை அதையெல்லாம் மறக்கடித்தது. கட்டுப் போட்ட கை மேடைக்கு நன்றாக இருக்கும் என்று தன் மனைவியைத் தானே கூட்டிப்போனார்.

ஹாலில் ஒரு பாதி சங்கத்துக்காரர்கள், மறு பாதி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்ட சைக்கிள்காரர்கள். சர்வேயர் இருபது நிமிஷம் முழங்கினார். விசாரணை அதிகாரியான அம்மாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "அடிபட்டவங்க வந்திருக்காங்களா? அவங்களே சொல்லட்டும்" என்றார்.

"ரெண்டு வார்த்தை போதும், எழுந்திரு" என்று சர்வேயர் டீச்சரின் முழங்கையைத் தட்டினார்.

டீச்சர் எழுந்தாள். வேலை போகும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் கையைத் தூக்க முடியாத மனிதரும் நினைவுக்கு வந்தார்.

"அடிபட்டவர் இங்க இல்லம்மா. வீட்டுல படுத்திருக்காரு" என்றாள். "சைக்கிள் பாதையில காரை நிறுத்தினோம். திரும்பிப் பாக்காம கதவைத் திறந்தது நான். அவர் விழுந்தாரு."

"இவளுக்கு ஒடம்பு சரியில்ல மேடம்…" என்று சர்வேயர் பாதி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க" என்றார் அதிகாரி.

டீச்சரின் குரல் இப்போது கடைசி பெஞ்சு வரை கேட்டது. "நாங்க வரி கட்டியிருந்தோம். இன்சூரன்ஸ் இருந்தது. நம்பர் பிளேட் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருந்தது. அத்தனையும் வச்சுக்கிட்டு ஓடிப்போனது நாங்கதான். கார் நம்பரைச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"