சேதம் இல்லை

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூணில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடுகள் போட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வேளைகூடத் தப்பியதில்லை. ஊரே அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டால் தசமப் புள்ளியோடு பதில் வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய தங்கையும் தங்கை கணவரும் பாலத்துக்குக் கீழ்ப்புறம் புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தங்கை கணவர் தையல்காரர். வாசல் அறையில் மூன்று மெஷின் போட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை.

"மச்சான், அங்க தண்ணி வருமா?" என்று கேட்டார்.

வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை அளவுக்காரர். பழைய பதிவேடுகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் புரட்டினார். ஆற்றில் அதிகமாக வந்தது ஆறரை மீட்டர், அதற்கும் பதினைந்து வருடம் முன்னால். கடைசிக் கட்டத்தில், சேதம் என்ற தலைப்புக்குக் கீழே, அவர் கையெழுத்திலேயே 'இல்லை' என்று இருந்தது.

"ஆறரை வந்தப்பவே சேதம் இல்ல மாப்பிள்ளை. தைரியமா கட்டுங்க."

கட்டினார்கள். இந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை பதினொரு மணி தாண்டி, ஆற்றின் மேற்புறத்து அளவு நிலையத்திலிருந்து போன் வந்தது. மதியம் மூன்று மணி வாக்கில் ஆறரை மீட்டர் வரும் என்றார்கள். அளவுக்காரர் உடனே தன் மேலதிகாரியான பொறியாளரைப் போனில் கூப்பிட்டார்.

பொறியாளரும் பழைய கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "ஆறரைக்குச் சேதம் இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஏழைத் தாண்டினா ஜனங்களுக்குச் சொல்லலாம்."

"சரிங்க சார்" என்று போனை வைத்தார். அந்தப் பழைய நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்புறம் போய்ப் பார்த்திருந்தார். அந்த இடம் முழுக்கத் தண்ணீர். முள்செடிகளின் நுனி மட்டும் தெரிந்தது. ஒரு வீடு இல்லை, ஒரு மாடு இல்லை. கெட்டுப்போக ஏதாவது இருந்தால்தானே கெடும்? இல்லை என்று எழுதிவிட்டு வந்திருந்தார்.

இப்போது அங்கே வீடுகள் இருந்தன. மறுபடி பொறியாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "நீங்க முதல்ல போய் எல்லாரையும் கிளப்புங்க. நான் லாரி அனுப்பறேன்" என்றார் பொறியாளர். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அளவுக்காரர் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார்.

தையல்காரர் பள்ளிச் சீருடைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "என்ன மச்சான், நீங்களே சேதம் இல்லைன்னீங்க. நீங்க பாத்துச் சொன்னதா நான் சொல்லித்தான் இந்தத் தெருவுல பதினோரு வீட்டுக்காரங்க மனை வாங்கினாங்க."

அளவுக்காரருக்கு இது புதுச் செய்தி. தன் ஒரு வார்த்தை ஒரு தெருவையே கட்டி எழுப்பியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் எழுதினது சரி மாப்பிள்ளை. உங்ககிட்ட சொன்னதுதான் தப்பு. அன்னிக்கு இங்க கழுத்தளவு தண்ணி. ஆளே இல்லாததால சேதம் இல்ல."

உள்ளேயிருந்து தங்கை வந்தாள். "கழுத்தளவா? தண்ணி வருமான்னுதானே அண்ணா உன்கிட்ட கேட்டோம்?"

அப்படிக் கேட்டுக்கொண்டே அவள் துணிக் கட்டுகளைத் தூக்கிப் பரணில் போட ஆரம்பித்தாள். தையல்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெஷினைக் கழற்றினார்.

அளவுக்காரர் மீதி வீடுகளுக்குப் போனார். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார், தன் தப்பு என்பதையும் சேர்த்து. ஒரு வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார், திட்டிக்கொண்டே மாமியாரைத் தூக்கி லாரியில் உட்கார வைத்தார். இரண்டரை மணிக்குத் தெரு காலி. மூன்று மணி தாண்டித் தண்ணீர் வந்தது, நாலு மணிக்கு ஜன்னலைத் தொட்டது. ஓர் உயிரும் போகவில்லை. தையல் மெஷின் ஒன்றும், கட்டில்களும், தைத்து முடித்த சீருடைகளில் பாதியும் போயின.

எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். வீட்டை விட்டு வந்ததிலிருந்து தங்கை அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடி வாங்கியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை தையல்காரர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனசில் வஞ்சம் வைக்கத் தெரியாத மனிதர். "மச்சான், தண்ணித் தொட்டி பக்கம் காலி மனை இருக்காம். அங்க எப்பவாவது சேதம் ஆகியிருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?"

அளவுக்காரர் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலோரம் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்த தங்கை திரும்பினாள்.

"காலி மனையில சேதம் எங்கேருந்து வரும்? அங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு, அதைக் கேளுங்க."

துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "அந்தப் பதிவேட்டை இங்க கொண்டுட்டு வா அண்ணா. நானே படிச்சுக்கறேன்" என்றாள்.