அக்காவின் கண் க்ரீம்

யேரிமின் மோதிர விரல் கண்ணுக்குக் கீழே பட்டதும் கும்ஹீக்குப் பல் நறநறத்தது. மோதிர விரலால்தான் தொட வேண்டுமாம். மற்ற விரல்களுக்குப் பலம் அதிகம், கண்ணடித் தோல் தாங்காதாம். தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள், சூடாக இருக்கிறதா என்று தோசைக்கல்லைச் சோதிப்பதுபோல. சியோல் நகரத்துச் சந்தை ஒன்றின் கோடியில் கும்ஹீயின் தொடுகறிக் கடை. பின்கட்டில் பூண்டும் சோயாவும் கொதித்துக்கொண்டிருந்தன. அடுப்பை அணைக்க வேண்டும். ஆனால் அக்கா மூஞ்சியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்க முடியாது.

அக்கா என்பது முறைக்கு. கும்ஹீக்கு ஐம்பத்திரண்டு, யேரிமுக்கு நாற்பத்தைந்து. கும்ஹீயின் இறந்துபோன கணவனுடைய அண்ணன் தேசிக், முதல் மனைவியை விலக்கிவிட்டு ஆறு வருடத்துக்கு முன் யேரிமைக் கட்டிக்கொண்டார். அண்ணன் மனைவி மூத்தவள். வயது எதுவானாலும் அந்த வீட்டில் அதுதான் சட்டம். ஆகவே கும்ஹீ 'அக்கா, வாங்க, போங்க' என்பாள். யேரிம் 'நீ, வா, போ' என்பாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அந்த 'நீ'யைக் கொஞ்சம் சப்பிவிட்டுத்தான் துப்புவாள்.

யேரிம் வீடு வீடாகப் போய் அழகுச் சாமான் விற்பவள். முகம் பிடித்துவிட்டு, ஊர் வம்பு பேசி, எழும்போது நாலு டப்பாவைத் தலையில் கட்டிவிட்டு வருவாள். அவளுடைய அட்டையில் 'மூத்த சரும ஆலோசகர்' என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கும். எந்தச் சருமத்துக்கு மூத்தவள் என்று கும்ஹீ கேட்டதில்லை.

"அக்கா, மூஞ்சிக்குப் போடற க்ரீமையே கொஞ்சம் மேல இழுத்துக் கண்ணுகிட்டயும் தடவினா என்ன? போலீஸா புடிக்கப் போறாங்க?"

"கண்ணுத் தோலு வேற, மூஞ்சித் தோலு வேற, தங்கச்சி."

"ரெண்டும் ஒரே மூஞ்சிலதானே இருக்கு? ரெண்டு டப்பாவையும் பின்னால திருப்பிப் படிச்சேன். உள்ள இருக்கறதெல்லாம் ஒண்ணுதான். இது கட்டைவிரல் அளவு, விலை மட்டும் ரெண்டு மடங்கு."

"நீ ஊறுகாய் போடறவ, உனக்குத் தெரியாது. அறிவியல் இது." யேரிம் விரலை எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தேன் தடவிச் சொன்னாள்: "சனிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க முதமுதல்ல பாக்க வராங்க. உன் புருஷனும் இல்ல. இந்த மூஞ்சியோட அம்மா இடத்துல உக்காந்தேன்னா, பொண்ணு எந்த மாதிரி வீட்டுலேர்ந்து வரான்னு அவங்க கணக்குப் போட்டுடுவாங்க. எதுக்குச் சொல்றேன்னா, நான் நடுவுல உக்காந்து பேசிக்கறேன். நீ ஓரமா உக்காந்து தலையாட்டு, போதும்."

கும்ஹீ எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டாள். அன்றிரவு கண்ணாடி முன் நின்று அந்த நடு இடத்தைப் பற்றியே யோசித்தாள். கணவன் போன பிறகு கீரையை அலசி, முள்ளங்கியை நறுக்கி, மகள் தாஹேயைப் படிக்கவைத்தவள் அவள். மகளின் கல்யாணப் பேச்சில் அவளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதற்குத் தகுதிபெற இந்தக் கண்றாவியைப் பூச வேண்டும் என்றால் பூசித் தொலைக்கலாம். பூசினாள். சனிக்கிழமை காலை, பயத்தில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல அப்பினாள். ரயிலில் போகும்போதே கண்ணுக்குள் இறங்கி எரிய ஆரம்பித்துவிட்டது.

இரு வீட்டாரும் சந்திப்பதாக இருந்த உணவகத்தின் தனியறையில் யேரிம் முந்திக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முத்து நிறப் பட்டு உடை, கண்ணுக்குக் கீழே ஒரு மினுமினுப்பு. தேசிக் பக்கத்தில். கும்ஹீக்குக் கதவோரம், தட்டு கொண்டுவருகிறவர்கள் இடிக்கிற இடம்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தாள். ஒல்லியான, தீர்க்கமான பெண். நேராக யேரிமின் முன்னால் குனிந்தாள்.

"பொண்ணை எவ்வளவு அருமையா வளத்திருக்கீங்க, சம்பந்தியம்மா!" கும்ஹீயின் பக்கம் திரும்பி, "இவங்க பெரியம்மாவா? ரொம்பப் பாடுபட்டவங்கன்னு பாத்தாலே தெரியுது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது.

யேரிம் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லை. தேசிக் தண்ணீர் டம்ளரைத் தீவிரமாக ஆராய்ந்தார். தாஹே வாயைத் திறந்தாள். கும்ஹீ மேசைக்கடியில் அவள் தொடையை அழுத்தினாள். எரிச்சலில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"சம்பந்தியம்மா, தாஹேயைப் பெத்தவ நான். இவங்க எங்க அக்கா. எங்க வீட்டுக்கே பெரியவங்க." எழுந்தாள். இரண்டு கையையும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தாள். "அக்கா, நீங்க இங்க உக்காரலாமா? பெரியவங்க உள்பக்கம் சாஞ்சு உக்காரணும். முதுகுக்கு ஆதரவு வேணாமா?"

மரியாதையை மறுக்க யேரிமுக்கு வழியில்லை. ஆறு வருடமாக அதைத்தானே வசூலித்துக்கொண்டிருந்தாள். சுவரோரத்துக்கு நகர்ந்தாள். கும்ஹீ நடுவில் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, பெரிய தப்புப் பண்ணிட்டேன்! இவங்க உங்களுக்கு அக்காவா? நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லயே!"

நாற்பத்தைந்து. மாதம் ஒரு டப்பா காலிசெய்து, மோதிர விரல் தேயத் தேயத் தட்டி, அறிவியல் கொண்டுவந்து நிறுத்திய இடம், பிறப்புச் சான்றிதழ் சும்மாவே சொல்கிற இடம்தான். கும்ஹீக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

"அப்போ அக்காவுக்கு... அறுபது இருக்குமா? கண்ணுக்குக் கீழ ஒரு கோடுகூட இல்லயே! என்ன போடறீங்க, சொல்லுங்களேன்?"

யேரிமின் கண்கள் கும்ஹீயின் மேல் ஒரு கணம் நின்றன. உண்மையைச் சொன்னால், தன்னைவிடப் பெரியவளை இத்தனை நேரம் குனியவைத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். போகட்டும் என்றாலும், நாற்பத்தைந்து வயதுக்காரி நாற்பத்தைந்தாகத் தெரிவதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? கும்ஹீ அவளுடைய மனக்கணக்கைக் கண்ணெதிரே பார்த்தாள்.

"அறுபத்தொண்ணு," என்றாள் யேரிம். கை ஏற்கெனவே பைக்குள் போயிருந்தது.

தேசிக்குக்குப் புரையேறியது. "எனக்கே அம்பத்தொம்பதுதான்..." என்று முணுமுணுத்தார்.

"அப்போ இவர் உங்களைவிடச் சின்னவரா! குடுத்து வச்சவங்க," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. யேரிமின் தட்டிலிருந்த வறுத்த மீனைத் தன் பக்கம் இழுத்து முள்ளெடுக்க ஆரம்பித்தாள். முழங்கால் வலி உண்டா, குளிர்காலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

"அக்காவுக்கு முள்ளங்கி வேண்டாம், சம்பந்தியம்மா," என்றாள் கும்ஹீ. "கடிக்கச் சிரமப்படுவாங்க. கொழகொழன்னு ஆவில வேகவெச்ச முட்டை இருந்தா அந்தப் பக்கம் தள்ளுங்க."

யேரிம் அவளைப் பார்த்த பார்வையில் மேசையே பற்றிக்கொண்டிருக்கும். ஆனால் டப்பா திறந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மோதிர விரலை நீட்டி, "தொட்டுப் பாக்கலாமா, பெரியம்மா?" என்றாள். யேரிம் கன்னத்தைக் காட்டினாள். இரண்டு தலைகளும் விளக்கின் கீழே நெருங்கின.

தாஹே ஈரத்துண்டை நீட்டினாள். "அம்மா, ஏன் அழற?"

"அழல. எரியுது." கும்ஹீ கண்ணடியை அழுத்தித் துடைத்தாள். துண்டில் வெள்ளையாக வழவழவென்று வந்தது. அதை மடித்து ஓரமாக வைத்தாள். நடுத்தட்டில் இன்னும் யாரும் தொடாத மீன் ஒன்று இருந்தது. அதன் முதுகுச் சதையைச் சாப்பாட்டுக் குச்சியால் பெரிதாகப் பெயர்த்து, எல்லோரும் பார்க்க, மகளின் சோற்றின் மேல் வைத்தாள். மீன், ஒரு சுருக்கமும் இல்லாத வெள்ளைக் கண்ணைத் திறந்தபடி, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.