கட்டிலடிப் பாடகர்

ஆம்ப்ளிஃபயர் பொருத்துவது என் தொழில். ஊரில் பாதி வீட்டுக்குச் சரிசெய்து கொடுத்த என்னை, சொந்த அண்ணன் தன் செட்டில் கைவைக்க விடவில்லை. கட்டிலடியில் கிடந்த சப்ஊஃபர் என்ற அடியொலிப் பெட்டிக்கு எந்த அளவு வரை ஒலி போகலாம் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் குமிழை இருநூறு ஹெர்ட்ஸில் வைத்திருந்தார். எண்பதைத் தாண்டினால் பாடுகிறவரின் குரலும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவர் சட்டை செய்யவில்லை. கட்டிலடியில் குனிந்து, அந்தப் பாடகரிடமே பேசுவதுபோல, “பாடிப் பாடித் தொண்டை காஞ்சிருக்குமே, தண்ணி வேணுமா?” என்று கேட்பார். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார்.

அண்ணன் இறந்த மூன்றாம் மாதம் அண்ணி கூப்பிட்டார். “இப்பவாவது அதச் சரி பண்ணிக் குடுங்க தம்பி.”

குமிழைத் திருகி எண்பதுக்குக் கொண்டுவந்தேன். குரல் சுவரோரச் சின்னப் பெட்டிகளுக்கு ஏறித் துல்லியமாக நின்றது. கீழே தாளத்தின் அதிர்வு மட்டும். என் வேலை எனக்கே பிடித்திருந்தது.

அண்ணி ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார்.

“சுத்தமா இருக்கு. ஆனா அடியில யாருமே இல்லையே, தம்பி.”

குமிழை இருநூறுக்கே திருப்பினேன். குரல் கட்டிலடிக்குப் போய் உறுமியது.

அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார்.

“தண்ணி வேணுமா?”