முட்டுக்குக் கீழே வெட்டு

சுவரில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் அந்த டீச்சர் வெறுங்காலோடு நின்று, பத்து விரலையும் விசிறி போல விரித்துக் காட்டினாள். ஜான்ரோஸ் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. விரி விரி என்று மனதுக்குள் எவ்வளவு அதட்டினாலும் அவை அசைவதாக இல்லை.

“இது என்ன சர்க்கஸாக்கும்?” என்றாள் ஞானசெல்வி. அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நீ சும்மா இரி. லிஜா அனுப்பினதாக்கும்.”

லிஜா அவர்கள் மகள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் இடுப்பு இறுகிப்போன கதையைக் கேட்டுப் பதினான்கு நாள் உடற்பயிற்சி வகுப்பின் வீடியோக்களை அனுப்பியிருந்தாள். நாளுக்கு ஒன்று, இருபது நிமிடம். முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு முதுகெலும்பு. டீச்சர் பேசுவது மலையாளம். கேரள எல்லையோரத்து அருமனைக்காரருக்கு அது ஒரு தடையா என்ன?

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் தரையில் கிடந்து உருள்வதற்குக் காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக அவருக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதுதான் பிழைப்பு. மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நின்றபோது உடம்பும் நின்றுவிட்டது. ஒரு மாதம் சும்மா இருந்ததில் இடது இடுப்பு பூட்டிக்கொண்டது. குத்தவைத்தால் எழும்ப முடியவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர் வெட்டுகிற முன்னூறு மரத்திலும் வெட்டு வருடா வருடம் இறங்கி, இப்போது முட்டுக்குக் கீழே வந்து நிற்கிறது. குத்தவைக்காமல் அங்கே கத்தி வைக்க முடியாது.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் புது மேனேஜராக வந்த சஜின் ஒரு புது ஏற்பாடு சொன்னான். ஐம்பது தாண்டியவர்கள் வெட்டு தொடங்கும் அன்று இருபது மரத்தை அரை மணி நேரத்தில் வெட்டிக் காட்ட வேண்டும். பட்டை தாண்டித் தடியில் காயம் படக்கூடாது. முடியாவிட்டால் முன்னூறும் வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

முதல் ஐந்து நாளும் ஒழுங்காகப் போனது. கால்விரலை மடக்கி அதன்மேல் உட்காரச் சொன்ன அன்று ஜான்ரோஸ் டீச்சரை வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆனாலும் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் கக்கூசில் குத்தவைத்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழுந்தபோது, உள்ளே இருந்தபடியே ஞானசெல்வியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இதுக்கெல்லாமா ஊரைக் கூட்டுவாவ?” என்று அவள் வெளியே நின்று சிரித்தாள்.

ஆறாம் நாள் காலையில் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். அது உயிர் பெற்று வந்தபோது இரண்டு நாள் போயிருந்தது.

எட்டாம் நாள் ஜான்ரோஸ் விடிந்ததுமே பாயை விரித்தார். ஆறாம் வகுப்பு முடிந்ததும் ஏழைப் போட்டார். ஏழு முடிந்ததும் எட்டை.

“டீச்சர் நாளைக்குக் காணலாம்னுல்லா சொல்லிட்டுப் போறா? நீங்க எங்க ஓடுறீங்க?” என்று கேட்டாள் ஞானசெல்வி.

“மழையில விட்டுப்போன வெட்டை அடுத்தடுத்த நாள் வெட்டி ஈடு கட்டுவோம்லா? அது போலத்தான்.”

“அப்பிடி வெட்டின மரம் பட்டை மரத்து, பால் நின்னு போனதையும் நீங்க கண்டதுதானே லிஜாக்க அப்பா?”

“சவம், நல்ல நேரத்துல நல்லதா ஒரு வாக்கு சொல்ல மாட்டியா நீ?”

எட்டாம் வகுப்பில் இரண்டு முழங்காலையும் மடக்கித் தரையில் சாய்த்து உட்கார்ந்து, முதுகைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். மூச்சு விட்டு மெல்லத் திரும்பு, பாதி போதும் என்று டீச்சர் சொன்னாள். ஜான்ரோஸுக்கு அது மெத்தனமாகப் பட்டது. இத்தனை வருடமும் மரத்தை ஒரே பக்கமாகச் சுற்றி வெட்டிய உடம்பு வலப்பக்கம் சுளுவாகத் திரும்பியது. இடப்பக்கம் கதவு போல மறித்தது. வெட்டுக்காரன் நின்று யோசித்தால் வெயில் ஏறிவிடும். கையைத் தரையில் ஊன்றி, முழு பலத்தோடு திருப்பினார்.

இடுப்புக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். போனுக்குள் டீச்சர் சிரித்த முகத்தோடு அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“ஞானம்...” என்றார்.

மூன்று நாள் படுக்கையில் போயிற்று. லிஜா போனில் அழாத குறையாகக் கத்தினாள். “அப்பா, நான் மருந்து அனுப்பினா மூணு வேளைக்குள்ளதையும் ஒண்ணாட்டு முழுங்குவியளா?” பிறகு அவளே பார்த்து, படுத்தபடி செய்கிற இரண்டையும், ஒரு முழங்காலை ஊன்றி நிற்கிற ஒன்றையும் மட்டும் குறித்துக் கொடுத்தாள். வேறெதுவும் கூடாது. ஞானசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினாள். வேகம் கூடினால் தொடையில் ஓர் அடி விழுந்தது.

பதினான்காம் நாள் சாயங்காலம் ஜான்ரோஸ் குத்தவைத்துப் பார்த்தார். பாதிதூரம் இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் தோட்டத்துக்குப் போனார்கள். சஜின் போனில் நேரம் குறிக்கத் தயாராக நின்றான். கொஞ்சம் தள்ளி, நாற்பது வயது ஜெஸ்பின் கத்தியும் கையுமாக நின்றான். எதற்கு நிற்கிறான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. பால் எடுக்கிற வாளியோடு ஞானசெல்வி மரத்தடியில் நின்றாள்.

“தொடங்குங்க அண்ணே.”

முதல் மரத்தில் பாதி குத்தவைத்து, மீதியைக் குனிந்து சமாளித்தார். பட்டை சீராக உரிந்தது. இரண்டு, மூன்று. நான்காவது மரத்தில் இடுப்பு நெருப்பாகப் பற்றியது. ஐந்தாவதில் கத்தியின் முனை வழுக்கி, தடிக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றது. எப்படி நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

“ஒம்பது நிமிஷம்” என்றான் சஜின்.

ஆறாவது மரத்தின் முன்னால் உடம்பு இறங்க மறுத்தது. நின்றார். ஜெஸ்பின் ஒரு எட்டு முன்னால் வந்தான். ஜான்ரோஸ் வலது முழங்காலை மெல்ல மண்ணில் ஊன்றினார். இடது பாதத்தை முன்னால் வைத்து, நிமிர்ந்த முதுகோடு வெட்டின் மேல்முனையில் கத்தியை வைத்தார். முழங்காலை நகர்த்தி நகர்த்தி மரத்தைச் சுற்றினார்.

“பால் வெட்டுதாரா, ஜெபம் பண்ணுதாரா?” என்றான் ஜெஸ்பின்.

“உனக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணுதாரு, வாயை மூடிட்டு நில்லு” என்றாள் ஞானசெல்வி.

முட்டில் சரளைக்கல் குத்தியது. வேட்டி கிழிந்தது. பத்தாவது, பதினைந்தாவது. எழுந்து அடுத்த மரத்துக்குப் போவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் மூச்சை முழுசாக வெளியே விட்டுத்தான் எழும்ப வேண்டியிருந்தது. சஜின் நிமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனாலும் ஜான்ரோஸ் அவசரப்படவில்லை. இருபதாவது மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் முதல் சொட்டு விழுந்தபோது சஜின் போனை நிறுத்தினான்.

“இருபத்தெட்டரை.”

ஒவ்வொரு மரமாகப் போய் வெட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு காயமும் இல்லை. அவன் முகத்தில் ஏமாற்றமா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“செரி அண்ணே. முன்னூறும் உங்களுக்குத்தான். இண்ணைக்கே வெட்டுங்க.”

ஜான்ரோஸ் இன்னும் இருபதாவது மரத்தடியில் முட்டூன்றியபடிதான் இருந்தார். இதுபோல இன்னும் இருநூற்றெண்பது மரம். நாளை மறுநாள் மறுபடி முன்னூறு.

“முன்னூறு வேண்டாம் சார்” என்றார். “இருநூறு போரும்.”

ஞானசெல்வி வாளியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் வாளியைக் கீழே வைப்பாள்.

“அதெப்பிடிச் செரியாவும்? மிச்ச நூறுக்கு நான் எங்க போய் ஆளு தேடுவேன்? எடுத்தா முழுசா எடுங்க. இல்லன்னா ஜெஸ்பின் எடுக்கட்டு.”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முன்னூறும் கையில் இருக்கும், இடுப்பு அறுந்து விழுகிற நாள் வரைக்கும். நாக்கு நுனியில் வந்த வார்த்தையை ஜான்ரோஸ் விழுங்கிக்கொண்டிருந்தார்.

“நூறும் நான் வெட்டுவேன்” என்றாள் ஞானசெல்வி.

சஜின் திரும்பிப் பார்த்தான். “அக்கா, பால் எடுக்கது வேற, வெட்டுது வேற.”

“இவருக்குக் காய்ச்சல் கெடக்கும்போ யாரு வெட்டினான்னு நெனச்சிய?”

அதை இதுவரை தோட்டத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஜான்ரோஸின் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு அடுத்த மரத்தடியில் சட்டென்று குத்தவைத்தாள். இரண்டு குதிகாலும் மண்ணில் பதிந்திருந்தன. அவர் காய்ச்சலில் கிடந்து அவள் வெட்டிய காலத்தில் வெட்டு நெஞ்சுயரத்தில் இருந்தது. இத்தனை தாழ்வில் அவள் கத்தி வைத்ததே இல்லை. ஒரு நூல் ஆழம் கூடினால் எல்லாம் போச்சு.

பட்டை சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. அவள் உட்கார்ந்தபடியே மரத்தைச் சுற்றி நகர்ந்தாள். வெள்ளைப் புள்ளிகள் அரும்பின, ஒன்றுசேர்ந்தன, சரிவில் ஓடின.

சஜின் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“இஞ்ச ஆழம் போராது” என்றான்.

“ஆழம் கூடினாத்தானே மரத்துக்குக் கேடு? கொறஞ்சதை நாளைக்கழிச்சு செரியாக்கிக்கிடலாம்.”

சஜின் நிமிர்ந்து, ஜெஸ்பினிடம் கையை விரித்தான். “உனக்குக் கீழ்த் தோட்டத்துல பாப்போம்” என்றான். பிறகு நோட்டை எடுத்து அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். ஜான்ரோஸ் இருநூறு, ஞானசெல்வி நூறு.

சஜினும் ஜெஸ்பினும் இறக்கத்தில் மறைந்ததும் ஜான்ரோஸ் கையை நீட்டினார்.

“ஏட்டி, கொஞ்சம் தூக்கி விடு.”

“மூச்சை விட்டுட்டு மெல்ல எழும்புங்க, வாறேன்” என்றாள் அவள். வரவில்லை. இருபத்திரண்டாவது மரத்தின் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை உரித்து வாளிக்குள் போட்டுவிட்டு, குத்தவைத்துக் கத்தியை வைத்தாள்.