பலிக்காத வேண்டுதல்

விவாகரத்து கிடைச்ச அன்னைக்கு யோகலட்சுமிக்கு அழுகையும் வரலை, சிரிப்பும் வரலை. தூக்கம்தான் வந்தது. மூணரை வருஷம் வாய்தா வாய்தான்னு திருவள்ளூர் கோர்ட்டுக்கு அலைஞ்ச உடம்பு. பஸ் ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சவ, திருத்தணி வந்ததுகூடத் தெரியாம தூங்கிட்டா. கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.

அதுக்கப்புறமும் அந்தக் களைப்பு போகலை. கனகம்மாசத்திரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர் அவ. வயசு முப்பத்தஞ்சு. காலையில எழுந்தாலே ராத்திரி ஆன மாதிரி அசதியா இருக்கும். போதாக்குறைக்கு ஊர் வாய். காய் வாங்கப் போனா, "பள்ளிப்பட்டுல இருந்து இன்னா சேதி?" பூ வாங்க நின்னா, "சேர்ந்துட்டீங்களாமே?" அட, ஜட்ஜு கையெழுத்துப் போட்டு முடிஞ்சுபோச்சும்மா, விடுங்களேன்! விடுவாங்களா? பள்ளிப்பட்டுல பவர்லூம் வெச்சிருக்கற புருஷன் ஹேமநாதன் குடிச்சதும் அடிச்சதும் அவங்களுக்குக் கதை. இவளுக்கு அது ஒன்பது வருஷம்.

ஒருநாள் ஸ்டாஃப் ரூம்ல டீயா காபியான்னு கேட்டாங்க. "எது இருக்கோ அது"ன்னு சொன்னா. சொல்லிட்டு யோசிச்சுப் பார்த்தா, தனக்கு எது பிடிக்கும்னே நெஜமாவே ஞாபகம் இல்லை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டா, மே மாச லீவுல வியட்நாம் போறதுன்னு. தனியா.

திருத்தணியில தொலைச்சதை வியட்நாம்ல போய்த் தேடுவானேன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா நாலு பேர் மிதிச்சுகினே இருக்கற இடத்துல குனிஞ்சு தேடினா, கையையும் சேர்த்து மிதிப்பாங்க. தெரிஞ்ச முகமே இல்லாத ஊர்ல கொஞ்ச நாள் நடக்கணும், அவ்வளவுதான் அவ ஆசை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டிராவல்ஸ் வெச்சிருக்கற முருகவேல் டிக்கெட்டும் போட்டுக் குடுத்தான், விசாவும் வாங்கிக் குடுத்தான்.

வெள்ளிக்கிழமை பிளேன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அம்மா ஞானம்மாள் குண்டைத் தூக்கிப் போட்டா.

"உன் பேர்ல மொட்டை வேண்டிகினு இருக்கேன்டீ. அதைத் தீர்க்காம கடல் தாண்டக் கூடாது."

"வந்து குடுக்கறேம்மா."

"வந்துன்னா? ஏரோப்ளேன் விழுந்துடுச்சுன்னா?"

நல்ல வார்த்தை சொல்றதுல ஞானம்மாளை அடிச்சுக்க ஆளே கிடையாது!

யோகலட்சுமி முருகவேல்கிட்ட கேட்டா. அவன் தலையில கை வெச்சுகினான். "அக்கா, பாஸ்போர்ட் போட்டோவுல முடி, விசா போட்டோவுல முடி. நீங்க மொட்டையா போய் நின்னா உக்கார வெச்சு கேள்வி கேப்பாங்க. திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. எதுக்குக்கா வம்பு?"

மூணு நாள் சண்டை. "போறதுன்னா போ. விபூதி வெக்க மாட்டேன், வாசல் வரைக்கும்கூட வரமாட்டேன்"னு சொல்லிட்டு ஞானம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்துகினா. மீறிப் போயிருக்கலாம், யாரு தடுக்கறது? ஆனா சண்டை போட்டுகினு ஒரு வீட்டை விட்டு வந்தாச்சு. இந்த வீட்டை விட்டும் சண்டையிலதான் கிளம்பணுமான்னு இருந்தது யோகலட்சுமிக்கு. அதுக்கு உடம்புல தெம்பு இல்லை. கடைசியில, மூணே மூணு கத்தரி முடி வெட்டிக் குடுக்கற பூமுடி போதுமான்னு மலையிலேயே கேட்டுடலாம்னு அம்மாவைச் சம்மதிக்க வெச்சா.

செவ்வாய்க்கிழமை காலையில ஆட்டோவுல மலைக்குப் போனாங்க. முடி காணிக்கை மண்டபத்துல குழந்தைங்க வீல்வீல்னு கத்திகினு இருந்தது. ஈர முடி காலுல ஒட்டிகிச்சு. டோக்கனை வாங்கிப் பார்த்த, மொட்டை அடிக்கற துரைக்கண்ணு பிளேடை மாட்டிகினே கேட்டார்.

"யாருக்கும்மா முடி?"

"எனக்கு. பூமுடி போதுங்களா?"

"வேண்டிகினது எப்படியோ அப்படித்தான்மா. முழு முடின்னு வேண்டியிருந்தா முழு முடி." ஞானம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வேண்டிகினது? நெனைச்சது பலிச்சுதா?"

வழக்கமா எல்லாரையும் கேக்கற கேள்விதான். ஞானம்மாள் கோபுரம் இருக்கற பக்கம் ஒரு தடவை பார்த்தா. "பலிக்கலைங்க."

"பலிக்காத வேண்டுதலுக்கு எதுக்கும்மா முடி?"

யோகலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா பலிக்கலை? கேஸுதான் முடிஞ்சுபோச்சே. நீ இன்னா வேண்டிகினே?"

ஞானம்மாள் முந்தானையை வாயில வெச்சுகினா. அப்புறம் சொன்னா.

"மூணாம் தபா நீ உதடு கிழிஞ்சு வந்தியே. மறுநாளே நான் பள்ளிப்பட்டு பஸ் ஏத்திவிட்டேனில்ல. ஏத்திவிட்டுட்டு நேரா இங்கதான் வந்தேன். இவ அங்கயே இருந்துடணும், திரும்பி வந்துடக் கூடாது, ரெண்டும் சேர்ந்து வாழணும் முருகா, இவ தலைமுடியைத் தரேன்னு..."

யோகலட்சுமிக்கு அடிவயித்துல இருந்து கோபம் வந்தது. ஹேமநாதன் மேலகூட இப்படி வந்ததில்லை.

"கோர்ட்டுக்கு என்கூடவே வந்தியேம்மா. தயிர்சாதம் கட்டி எடுத்துகினு வந்து ஊட்டிவிட்டியே. அப்பவும் மனசுக்குள்ள இதானா?"

"ஆங். ரெண்டு வருஷம் இதான்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்தப் பாவி மனுஷி!

"அப்புறம்?"

"ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ படுத்திருந்தே. உன்னைத் தாண்டி செம்பை எடுக்கக் கையை நீட்டினேன். தூக்கத்துலயே ரெண்டு கையால தலையைப் பொத்திகினே. என் கைக்குப் பயந்துகினு, யோகா! பெத்தவ கைக்கு! அப்பத்தான் நான் இன்னா கேட்டுகினு இருக்கேன்னு எனக்கே புரிஞ்சுது." ஞானம்மாளுக்கு மூக்கு ஒழுகிச்சு. "நான் கேட்டதை அவரு குடுக்கலை. குடுக்காம உன்னைக் காப்பாத்தினாரே, அதுக்குத்தான் முடி. இதை உன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுகினு சொல்லுவேன்?"

துரைக்கண்ணு பிளேடைக் கீழ வெச்சுட்டு, வேற எங்கேயோ பார்த்தார். யோகலட்சுமிக்கு மன்னிக்கணும்னு தோணலை. அதுக்கெல்லாம் இன்னும் நாளாகும். ஆனா வாய் தானா திறந்தது.

"கேட்டது நீ. குடுக்காம விட்டது அவரு. நடுவுல என் முடி எதுக்கும்மா?"

ஞானம்மாள் அவளையே பார்த்தா. முட்டியைப் பிடிச்சுகினு மெதுவா துரைக்கண்ணு முன்னாடி போய் உக்காந்தா. கொண்டையை அவுத்து, ஊசியை ஒவ்வொண்ணா எடுத்து மக கையில குடுத்தா.

"எனக்கு எடுங்கண்ணா. முழுசா."

தண்ணியைத் தெளிச்சு துரைக்கண்ணு வழிக்க ஆரம்பிச்சார். வெள்ளையும் கறுப்புமா முடி மடியில விழுந்தது. அம்மாவோட மண்டை இவ்வளவு சின்னதுன்னு யோகலட்சுமிக்கு இத்தனை வருஷமா தெரியாது. கோபம் அப்படியே இருந்தது, அதோட சேர்ந்து அழுகையும் வந்தது. கோர்ட்டுல வராத அழுகை. மூக்கை உறிஞ்சிகினே அம்மா தலையில சந்தனம் பூசிவிட்டா.

சன்னதிக்குள்ள போனதும் ஞானம்மாள் ரெண்டு கையையும் கட்டிகினு ஓரமா ஒதுங்கி நின்னா.

"நீ கேளுடீ. இனிமே உனக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன்."

யோகலட்சுமி கண்ணை மூடினா. பின்னால வரிசை நெருக்குது, நகருங்க நகருங்கன்னு குரல். ஒண்ணுமே வரலை. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தா.

"இன்னா கேக்கறதுன்னு தெரியலைம்மா."

ஞானம்மாள் தட்டுல இருந்து விபூதியை எடுத்து மக நெத்தியில பட்டையா இழுத்தா.

"அப்ப போய்த் தெரிஞ்சுகினு வா. அவசரமில்லை."