முப்பத்தைந்து புள்ளி தொண்ணூற்றெட்டு

ஆபீசில் அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டத் தெரியாது. சிப்புக்கும் சென்சாருக்கும் நடுவே பேச்சு நடத்தி வைக்கிற டிரைவர் புரோகிராம்களை எழுதுகிறவள். மருமகள் லாரி ஓட்டுகிறாள் என்று மாமனார் மட்டும் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று மத்தியானம் சோதனை அறையில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ரப்பர் பொம்மையை எதேச்சையாகத் தொட்டாள். சில்லென்று இருந்தது. திரையோ 35.98 டிகிரி என்றது.

"காலையிலேருந்து அதேதான் காட்டுது. முப்பத்தாறு வெச்சேன், ஆடல அசையல. தங்கமான மெஷின்!" என்றான் டெஸ்டர்.

"ஹீட்டர் பிளக்கைப் பாரு."

ஃபேனுக்காக யாரோ அதைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். டெஸ்டர் அவசரமாக அதைத் திரும்ப மாட்டினான்.

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தன் பழைய புரோகிராமைத் திறந்தாள். சென்சார் அனுப்பும் எண் இரண்டு துண்டாக வரும், பெரிய துண்டு முதலில். பழைய சிப் அதை அப்படியே படித்தது. இந்த மாதம் மாற்றிய புது சிப்புக்குச் சின்னத் துண்டு முதலில் வர வேண்டும். துண்டுகளை இடம் மாற்றிக் கொடுக்கவே ஒரு ஃபங்ஷன் உண்டு. பழைய சிப்பில் அதற்கு வேலை இல்லை. வந்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும். தண்டச்சோறு தின்கிற வரி எதற்கு என்று நாலு வருஷத்துக்கு முன் ஒரு மேதாவி அதை அழித்திருந்தாள். அந்த மேதாவி இவளேதான்.

அதோடு விட்டாளா? திரையில் எண் துள்ளுகிறது என்று, 34-க்குக் கீழோ 38-க்கு மேலோ எது வந்தாலும் தள்ளிவிட்டுப் பழைய எண்ணையே காட்டும்படியும் எழுதி வைத்திருந்தாள். இப்போது தலைகீழாகப் படித்த எண்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த எல்லைக்கு வெளியே விழுந்தன. 35.98 மட்டும் தப்பித்தது. கம்ப்யூட்டர் கணக்கில் அதன் இரண்டு துண்டும் பதினாலு. எப்படித் திருப்பினாலும் அதே எண். பொம்மை சூடேறும் வழியில் அதைத் தொட்டதும் திரை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அலாரம் அடிப்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

"புது சிப் வெச்ச பெட்டி எங்கெல்லாம் போயிருக்கு?"

"ஒரே ஆஸ்பத்திரிதான். ஆறு பெட்டி. திங்கக்கிழமை போச்சு."

அன்று வியாழக்கிழமை. சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"போன் கீன் பண்ணிடாதம்மா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடு, சாதாரண அப்டேட்னு சொல்லிப் போட்டுடலாம். உன் பேருதானே கெடும்?"

"கெடட்டும் சார்" என்றவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். பயமாகத்தான் இருந்தது. பூசி மெழுக இது நேரமில்லை.

குழந்தைகள் வார்டு நர்ஸ் எடுத்தார்.

"சிஸ்டர், புதுப் பெட்டிங்க திரையை நம்பாதீங்க. அலாரமும் அடிக்காது. இப்பவே தெர்மாமீட்டர் வெச்சு ஒவ்வொரு குழந்தையா பாருங்க. தப்பு என்னோடது. நான் லைன்லயே இருக்கேன்."

"எல்லாத்துலயும் ஒரே நம்பரா நிக்குதேன்னு நேத்தே பேசிக்கிட்டோம்மா. நல்ல மெஷின்னு நினைச்சோம்" என்றார் நர்ஸ். பிறகு காலடிச் சத்தம்.

"மொதல் பெட்டி, முப்பத்தாறு நாலு... ரெண்டாவது, முப்பத்தாறு ஆறு..."

மூன்றும் நாலும் சரியாக இருந்தன.

"அஞ்சாவது..."

சத்தமில்லை. யாரையோ அதட்டிக் கூப்பிடும் குரல். ஓட்டம். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். எத்தனை நிமிஷம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "முப்பத்துமூணு எட்டும்மா. ஹீட்டர் நின்னு போயிருக்கு. அவங்க அம்மா நெஞ்சோட அணைச்சுப் போட்டிருக்கோம், டாக்டர் பக்கத்துல இருக்காரு. அழ ஆரம்பிச்சுட்டான். நீங்க மட்டும் கூப்பிடலேன்னா..."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஆறாவதைப் பாருங்க சிஸ்டர்."